எண்பத்தைந்துக்குப் பத்தடி வேண்டும்

என் மகள் சுதாவுக்கு மூக்கு பெரிசு என்று மூன்று வீட்டார் சொல்லிவிட்டார்கள். மூன்று வீட்டாரும் அவளை நேரில் பார்த்தவர்கள் இல்லை, போட்டோவைப் பார்த்தவர்கள். அந்த மூன்று போட்டோவையும் எடுத்தவன் நான். அவளைப் பெற்றவனும் நான். உத்திரமேரூர் பஜாரில் முப்பது வருஷமாகப் போட்டோ எடுத்துச் சோறு தின்கிறவனும் நான்தான். சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் சிவக்குமார் எப்போதோ சிரித்து முடித்துவிட்டான்.

அவன் சிரித்தது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், பத்துப் பேர் நடுவில். பொண்ணைப் பெத்தவனே பொண்ணுக்கு மூக்கை வளத்து வுட்டுட்டான் என்று சொன்னானாம். சொன்ன அரை மணி நேரத்தில் அது என் காதுக்கு வந்துவிட்டது. பொய்யாக இருந்தால் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். பொய் இல்லை என்பதுதான் எரிச்சல். சுதாவின் மூக்கு அவள் தாத்தாவின் மூக்கு, எங்கள் நைனாவின் மூக்கு. நேரில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. என் போட்டோவில்தான் அது முகத்தை விட்டுத் தனியாக முன்னால் வந்து நிற்கும்.

இப்போது நாலாவது இடம் வந்திருந்தது. மானாம்பதிக்காரர்கள். பையனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. பையனின் அம்மா ஜெகதாம்பாள் போனிலேயே கறாராகப் பேசினாள். வெள்ளிக்கிழமைக்குள் பெண்ணின் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும், இடுப்பு வரைக்கும் தெரிய வேண்டும், டச்சப் ஒன்றும் செய்யக் கூடாது, பிடித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றாள். சுதா அந்தப் பையன் போட்டோவைப் பார்த்துப் பரவாயில்லை என்றாள். அதற்குப் பிறகு இரண்டு தடவை செல்போனில் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம், என் மனைவி ரேணுகா சொன்னாள். முதல் மூன்று பையன்களின் போட்டோவை அவள் ஒரு தடவைக்கு மேல் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது சுதா என்னிடம் சொல்லிவிட்டாள். இதுதான் கடைசி. இதுவும் வேண்டாமென்று வந்துவிட்டால் இனிமேல் யாருக்கும் என் போட்டோவை அனுப்பக் கூடாது, கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது. அவளுக்கு இருபத்தேழு வயது. இ-சேவை மையத்தில் வேலை. தாலுகாவில் உள்ள அத்தனை பேர் முகத்தையும் ஆதாருக்குப் போட்டோ எடுக்கிறவள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ரேணுகா என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

மூக்கு வளர்ந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் சுவரைச் சொல்ல வேண்டும்.

எங்கள் நைனா பஞ்சாட்சரம் கட்டிய ஸ்டுடியோ இருபத்திரண்டு அடி நீளம், ஒன்பதடி அகலம். பின்பக்கம் தரையில் சிவப்புச் சிமெண்டில் ஒரு வட்டம் இருக்கும். ஸ்டூல் அதற்குள்தான். முன்பக்கம் தரையில் மூன்று குழி, கேமரா ஸ்டாண்டின் மூன்று காலுக்கு. உட்காருகிறவர் எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் ஸ்டூல் வட்டத்தை விட்டு நகராது, ஸ்டாண்டு குழியை விட்டு நகராது. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டால் அடிப்பார்.

அவர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, எனக்கும் சிவக்குமாருக்கும் ஒத்துவரவில்லை. யார்மேல் தப்பு என்று கேட்டால் அவன்மேல்தான். பாகம் பிரிக்க வந்த முன்னாள் கவுன்சிலர் பெருமாள் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார். பஜாரைப் பார்த்த முன்பாதி அவனுக்கு விழுந்தது. சந்துப் பக்கம் வாசல் வைத்த பின்பாதி எனக்கு. இரண்டு சீட்டிலும் ஒன்றையே எழுதியிருந்தாரோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. நட்டநடுவில் செங்கல் சுவர் எழும்பியது. சிவப்பு வட்டம் என் பக்கம் வந்தது, மூன்று குழியும் அவன் பக்கம் போனது.

பெரிய சண்டை அதற்குப் பிறகுதான். நைனாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊரையே படம் எடுத்தவர் தன்னை ஒரே ஒரு தடவைதான் எடுத்துக்கொண்டார், அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, டைமர் வைத்து. அவரே பிரிண்ட் போட்டு அவரே கண்ணாடி மாட்டிய படம். எனக்கு வேண்டும் என்றேன். அவனும் வேண்டும் என்றான். இரண்டு பேருமே போட்டோக்காரர்கள், காப்பி எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்காத ஆள் இல்லை. காப்பியை அவன் வைத்துக்கொள்ளட்டும் என்றேன். அவனும் என்னைப் பற்றி அதையேதான் சொன்னான். பெருமாள் தலையில் அடித்துக்கொண்டு, கொத்தனாரைக் கூப்பிட்டு, சுவரின் நடுவில் ஒன்றரை அடி உயரம், ஒரு அடி அகலத்துக்கு, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி ஓட்டை விடச் சொன்னார். படத்தை அதற்குள் நிறுத்தினார். தை முதல் ஆனி வரைக்கும் நைனாவின் முகம் என் பக்கம். ஆடி முதல் மார்கழி வரைக்கும் அவன் பக்கம். ஆறு வருஷமாக இதுதான் ஏற்பாடு. தேதி பிறந்ததும் படத்தைத் திருப்புகிறவன் திருப்புவான். மற்றவன் ஆறு மாதத்துக்குப் படத்தின் பின் அட்டையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வான்.

சுவர் வந்த பிறகு என் பக்கம் பதினோரு அடி. அதில் பின்னால் தொங்கும் படுதாவுக்கும் ஸ்டூலுக்கும் நாலடி போய்விடும். நான் நிற்க இடம் வேண்டும். கடைசியில் என் லென்ஸுக்கும் உட்காருகிறவர் முகத்துக்கும் நடுவில் ஐந்தடிகூட நிற்காது. அதில் இடுப்பு வரைக்கும் எடுக்கக் கேமராவோடு வந்த சாதாரண லென்ஸை அகலமாக விரித்து வைத்துக்கொண்டு, இன்னும் கிட்டே போய் எடுப்பேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு யார் மூக்கை அளக்கிறார்கள்? என் மகளுடைய மூக்கை அளந்துவிட்டார்கள்.

டீக்கடைப் பேச்சு காதில் விழுந்த மறுநாளே காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினேன். மூங்கில் மண்டபம் பக்கத்தில் மாடியில் ஜான்சன் கடை. பழைய கேமரா, லென்ஸ் எல்லாம் வாங்கி விற்பான், ரிப்பேரும் பார்ப்பான். நான் சுதாவின் போட்டோவைக் காட்டாமல் யாரோ கஸ்டமர் பெண் என்று கதை விட்டேன். அவன் என் முகத்தில் விரலை வைத்தே பாடம் எடுத்துவிட்டான்.

"மூக்குக்கும் காதுக்கும் நடுவுல நாலு வெரக்கடை தூரம். நீ மூணு அடில நின்னு எடுத்தின்னா அந்த நாலு வெரக்கடை பெரிய தூரம், மூக்கு முன்னாடி வந்துடும், காது உள்ள போய்டும். பத்தடி தள்ளி நில்லு. அப்போ அது ஒண்ணுமே இல்ல, மொகம் மொகமா இருக்கும். தள்ளி நின்னா ஆள் சின்னதா தெரியும்ல, அத்த கிட்ட கொண்டாறதுக்குத்தான் நீட்டு லென்ஸு."

மூன்று லென்ஸை மேஜைமேல் வைத்தான். அம்பது எம்.எம்., எண்பத்தைந்து, நூற்று முப்பத்தைந்து, எண் கூடக் கூடத் தள்ளி நிற்க வேண்டிய லென்ஸ். முகத்துக்கு எது நல்லது என்றேன். அது முகத்தில் இல்லை, அறையில் இருக்கிறது என்றான். சின்ன அறையாக இருந்தால் அம்பதே மேல், இருபது அடிக்கு மேல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எண்பத்தைந்தை எடுத்துக்கொள்ளலாம், நூற்று முப்பத்தைந்துக்குக் கல்யாண மண்டபம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு, உன் அறை எவ்வளவு நீளம் என்று கேட்டான்.

இருபத்திரண்டு அடி என்றேன்.

வாய் தவறி வந்தது என்று சொல்ல மாட்டேன். பதினோரு அடி என்று சொன்னால் ஏன் என்பான். சுவர் என்று சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி அடித்துக்கொண்டு நைனாவின் ஸ்டுடியோவை வெட்டிக் கூறு போட்ட கதையைக் காஞ்சிபுரத்து மாடியில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். பஞ்சாட்சரம் ஸ்டுடியோ என்றால் இருபத்திரண்டு அடிதான், அதை எவனிடமும் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்றும் உண்டு. சிவக்குமாரிடம் இருப்பது அம்பது. அவன் கையில் இருக்கிற அதே லென்ஸை நான் போய் வாங்குவேனா? எண்பத்தைந்தைக் கட்டச் சொன்னேன். என் பழைய லென்ஸை மாற்றாகப் போட்டுக்கொண்டான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தேன்.

சுதாவை ஸ்டூலில் உட்காரவைத்துக் கேமராவில் கண்ணை வைத்தேன். ஒரு கன்னமும் ஒரு கண்ணும் தெரிந்தன. முதுகு சுவரில் முட்டும் வரை பின்னால் போனேன். நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் வந்தது, அதற்குமேல் ஒரு அங்குலம்கூட வரவில்லை. தோளே இல்லை, இடுப்புக்கு எங்கே போவது? சந்துக் கதவைத் திறந்து வெளியே நிற்கலாமென்றால் காலை வைக்கிற இடம் சாக்கடை. வீட்டுக் கூடம் ஒன்பதடி, அதிலும் பீரோ பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ரேணுகா, பேசாமல் போய் லென்ஸை மாற்றிக்கொண்டு வா என்றாள். ஜான்சனிடம் போய் என்ன சொல்வது? என் அறை ஒரே வாரத்தில் பாதியாகிவிட்டது என்றா?

ஆத்திரத்தில் செவ்வாய்க்கிழமை காலையில் சுதாவைப் பட்டுப்புடவையோடு ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தூரத்துக்குப் பஞ்சமில்லை. காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. நேராக நில், மூக்கைத் தூக்காதே, கீழே பார், இவ்வளவு கீழே வேண்டாம் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். கரைமேல் வண்டியில் போன ஆல்பர்ட் வேகத்தைக் குறைத்தான். பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன், நல்ல மனுஷன்தான், வாய்தான் சரியில்லை. இன்னா சுகுமாரு, பொண்ணுக்கு இன்னும் ஆவலியா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டான். சுதா புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கரையை விட்டு இறங்கிவிட்டாள். வீடு வரைக்கும் நான் முன்னால், அவள் பின்னால். வாசலில்தான் வாயைத் திறந்தாள். ரோட்டில் நிற்கவைத்து எடுக்கிறதாக இருந்தால் என்னை விட்டுவிடு, ஸ்டுடியோவுக்கு உள்ளே எடு, இல்லையென்றால் வேண்டாம் என்றாள்.

புதன்கிழமை சாயந்திரம் ஆபீஸ் விட்டு நேராக ஸ்டுடியோவுக்கு வந்தாள். நான் பிரிண்டருக்கு இங்க் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் சுவர் ஓட்டையிலிருந்து நைனாவின் படத்தைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்தாள். மாசி மாதம், முகம் என் பக்கம் இருக்கிற காலம். குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் அந்த ஓட்டை வழியாக ஒருத்தரும் அந்தப் பக்கம் பார்த்ததில்லை. படத்தைத் திருப்புகிறவன்கூட மூஞ்சியைத் திருப்பிக்கொண்டுதான் திருப்புவான்.

"பெரியப்பா, நான் சுதா."

அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"இன்னாமா?"

"எனக்கு ஒரு போட்டோ எட்த்துக் குடு. நான் இங்க ஸ்டூல்ல ஒக்காந்துக்கறேன், நீ அங்கேர்ந்து எடு. இந்த ஓட்ட போதும், நான் டேப் வச்சி அளந்துட்டேன். பத்தடி வருது."

அளந்துவிட்டாளாம். எப்போது அளந்தாள் என்று எனக்குத் தெரியாது. இங்க் பாட்டிலை வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்து இழுத்தேன், அவள் நகரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அவன் என்ன லென்ஸ் என்று கேட்டான். எண்பத்தைந்து, அப்பா வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்றாள். அவன் சிரிக்கிற சத்தம் ஓட்டை வழியாக நேராக என் மூஞ்சியில் வந்து விழுந்தது.

"அந்தப் பொந்துக்கு எண்பத்தஞ்சா? கடைக்காரன் கேக்கலியா, ரூமு எவ்ளோன்னு?"

வாயை மூடு என்றேன். என் பொண்ணுக்கு எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியும், நீ டீக்கடையில் உட்கார்ந்து அவளைப் பற்றி நாக்கில் நரம்பில்லாமல் பேசினவன்தானே என்றேன். அவன் சத்தம் போடவில்லை. அவன் எப்போதுமே சத்தம் போட மாட்டான், அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது.

"அவளப் பத்தி நான் ஒண்ணும் பேசல, உன்னப் பத்திதான் பேசினேன். லென்ஸ மாத்திக்கினு வந்துட்ட, சரி. எடுக்கற ஆள மாத்தினியாடா?"

போடா என்றேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவன். எங்கள் வீட்டில் அண்ணனைப் போடா என்று எவனும் சொன்னதில்லை. சொல்லிவிட்டேன், இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

பிறகு ஓட்டைக்குக் கிட்டே வந்து பேசினான், சுதாவிடம் இல்லை, என்னிடம். எடுத்துத் தருகிறேன், ஆனால் பட்டனை நான்தான் அழுத்துவேன், என் பக்கம் நீ வரக் கூடாது என்றான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

"இன்னொண்ணு. நைனா மொகம் இனிமே என் பக்கம்தான். ஆடி, தை ஒண்ணும் கெடையாது."

எப்படிப்பட்டவன் பாருங்கள். தம்பி மகள் கல்யாணம் கழுத்தில் நிற்கிறது, அவன் அப்பன் முகத்துக்கு விலை பேசுகிறான். நாலு தலைமுறைக்கும் தாங்குகிற மாதிரி திட்டினேன். எதிர் வீட்டு சொக்கம்மாள் பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுச் சந்தில் வந்து நின்று கேட்டாள். நான் மூச்சு வாங்க நின்றபோது, சுதா ஸ்டூல்மேல் இருந்த படத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"தாத்தா மொகம் எந்தப் பக்கம் இருந்தா இன்னாப்பா? என் மொகம் எந்தப் பக்கம் போனாலும் வேணாங்கறாங்க."

நான் படத்தைப் பார்த்தேன். அதே மூக்கு. சரி என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொக்கம்மாளைக் கேட்டால் சொல்வாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சுதா ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தாள். மயில் கழுத்து நிறப் பட்டு, ரேணுகா வைத்துவிட்ட மல்லிகை. ஸ்டூல் சிவப்பு வட்டத்தில் நின்றது. கேமராவை நான் ஓட்டை வழியாக நீட்டினேன், அவன் கை வாங்கிக்கொண்டது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன் விரல் என் விரலில் பட்டது, உடனே எடுத்துக்கொண்டேன். ஸ்டாண்டின் மூன்று கால்களும் குழியில் இறங்குகிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது.

ஜன்னல் பக்கம் வெள்ளைத் தெர்மகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கச் சுவரோரம், அவளுக்குக் கொஞ்சம் பின்னால் ஒட்டி நின்றேன். அங்கே நின்றால் எனக்கு அவள் பின்கொண்டைதான் தெரியும். அவன் மூக்கைத் தூக்கு, தாழ்த்து என்று ஒன்றும் சொல்லவில்லை. போன வருஷம் அவனுக்கு ஆதாருக்குப் போட்டோ எடுத்தது சுதாதான் போலிருக்கிறது, எனக்குத் தெரியாது. என்னைக் கரடி மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டாயே, ரேஷன் கடையில் அரிசி கொடுக்க யோசிக்கிறான் என்றான். சுதா சிரித்தாள். அது கரடி இல்லை பெரியப்பா, நீ ஷேவ் பண்ணாமல் வந்தாய் என்றாள். பட்டன் சத்தம் கேட்டது. அவள் மறுபடி சிரித்தாள். மறுபடி சத்தம் கேட்டது.

என்னால் நிற்க முடியவில்லை. என் மகள், என் கேமரா, என் லென்ஸ். அதில் அவன் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறான். நாளைக்கு டீக்கடையில் இதையும் சொல்வான், தம்பியால் முடியாததை நான் முடித்துக் கொடுத்தேன் என்பான். தெர்மகோலைக் கீழே போட்டேன். சந்தில் இறங்கி, பஜாருக்குள் திரும்பி, அவன் ஷட்டரைத் தாண்டி உள்ளே போனேன். அவன் கடைக்குள் ஆறு வருஷமாக நான் காலை வைத்ததில்லை.

"நவுரு. நான் எடுக்கறேன்."

வரக் கூடாது என்று சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தான், கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான். நான் கேமராவில் கண்ணை வைத்தேன்.

ஜான்சன் சொன்னது சத்தியம். இடுப்பு வரைக்கும் கச்சிதமாக இருந்தாள். காது காது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, மூக்கு மூக்கு அளவுக்கு இருந்தது. உதட்டோரத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. என் மகள் இவ்வளவு அழகு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அப்பா வந்துட்டேம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்குள் அவள் ஓட்டை வழியாக என் சட்டையைப் பார்த்துவிட்டாள்.

உதடு மூடிக்கொண்டது. தாடை இறுகியது. முகவாய் மேலே போனது, மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்தன. கண் லென்ஸைப் பார்க்கவில்லை, லென்ஸுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றது, அடி விழப்போகிறவள் மாதிரி. மூன்று வீட்டுக்கு நான் அனுப்பிய முகம் அப்படியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தவில்லை. பத்தடி தூரத்தில் நின்றேன், எண்பத்தைந்து லென்ஸ் வைத்திருந்தேன், எல்லாம் சரியாக இருந்தது.

"எடுப்பா. டைம் ஆவுது" என்றாள்.

என் விரல் பட்டன்மேல் இருந்தது, அழுத்தவில்லை. அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் சொன்னால் திருப்பிக் கொடுக்க என்னிடம் வண்டி வண்டியாகப் பேச்சு இருந்தது. படுபாவி, வாயைத் திறக்கவே இல்லை.

"நீயே எட்த்துடு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆல்பர்ட்டின் சைக்கிள் கடைக்கு அந்தப் பக்கம் போய், அவள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றேன். உள்ளே மறுபடி அவள் சிரிக்கிற சத்தம் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சாயந்திரம் படத்தை நானே ஓட்டையில் வைத்தேன், முகத்தை அவன் பக்கம் திருப்பி. என் பக்கம் பழுப்பு அட்டையும் நாலு ஆணியும்தான். அவனிடம் பேசவில்லை, அவனும் பேசவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஜென்மத்தில் அவனோடு எனக்குப் பேச்சு கிடையாது.

போட்டோ அன்றைக்கே மானாம்பதிக்குப் போனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெகதாம்பாள் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வருகிறோம் என்றாள். ரேணுகா பக்கத்தில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெகதாம்பாள் போனை வைப்பாள் என்று பார்த்தேன், வைக்கவில்லை. பொண்ணு எவ்வளவு நல்லாச் சிரிக்குது, அதைப் பார்த்துத்தான் பையன் சரி என்றான், போட்டோ யார் எடுத்தது, நீங்களா என்று கேட்டாள். நான் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எங்க அண்ணன் என்றேன். ரேணுகா துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அன்றைக்குச் சுதா வேலையிலிருந்து வந்ததும் கூடத்தைப் பார்த்தாள். யார் எங்கே உட்காருவது என்று அவளே சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் கட்டில் பக்கம், அம்மா பீரோ பக்கம், பெரியப்பாவைக் கூப்பிடவில்லையென்றால் நான் வெளியே வர மாட்டேன். நான் எங்கே என்று கேட்டேன். அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ கொஞ்சம் தள்ளி ஒக்காருப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள்.

"எவ்ளோ தள்ளி?"

"பத்தடி."

எங்கள் கூடம் ஒன்பதடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே போட்டுக்கொண்டேன்.